யார் வீட்டுப் பசி

பசியின் விலை ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபா. வவுனியாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் வைத்துத்தான் விமலேஸ்வரிக்கு இந்த விலை சொல்லப்பட்டது. சொன்ன பெடியனின் முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. மைசூர்ப் பருப்பின் விலையைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அடுத்த ஆளின் மருந்துத் துண்டை வாங்கக் கையை நீட்டினான்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் புருசனோடு பலசரக்குக் கடை நடத்துகிறவள் விமலேஸ்வரி. சொன்ன விலைக்கே ஒரு சாமானை வாங்கிவிட்டால் அவளுக்கு அன்றைக்கு முழுக்க உடம்பு கடிக்கும்.

"இதுக்குள்ள என்ன கிடக்கு தம்பி?"

"நல்ல பக்டீரியா, அன்ரி. அங்கிள் குடிச்ச அன்ரிபயோட்டிக்கில வயித்துக்குள்ள இருந்த நல்லதுகளும் சேர்ந்து அழிஞ்சிருக்கும் எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். இது புதுசா உள்ளுக்கு விடுறது."

"ஒரு குளிசைக்குள்ள எத்தினை கிடக்கும்?"

"கோடிக் கணக்கில."

"உயிரோடயோ?"

"ஓம் அன்ரி."

"கோடிக் கணக்கில உயிரோட கிடக்குதுகள் எண்டால், கொழும்பிலயிருந்து லொறியில வரேக்க எத்தினை செத்திருக்கும்? சேதாரம் கழிக்கிறேல்லையோ?"

பெடியன் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான். சேதாரம் கழிக்கவில்லை; ஒரு கலண்டர் கொடுத்தான். கலண்டரை அவள் இரண்டாக வாங்கிக்கொண்டாள். பின்னால் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்த அவளுடைய புருசன் அப்புத்துரை, தன் வயிற்றுக்கு நடக்கிற வியாபாரம் தனக்குச் சம்பந்தம் இல்லாதது போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலியின் துருப்பிடித்த முள்ளுக்கம்பி அவருடைய காலைக் கிழித்ததில் தொடங்கிய கதை இது. கால் வீங்கிச் சீழ் வைத்தது. ஒரு மருந்து கேட்காமல் இன்னொரு மருந்துக்கு மாற்றினார்கள். கால் ஆறிவிட்டது. பசி போனது போனதுதான். இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு பம்மென்று ஊதிக்கொள்ளும், கோப்பையைத் தள்ளிவிடுவார்.

அப்புத்துரையின் பசி சாதாரணப் பசி அல்ல. கலியாண வீடுகளில் அவரைக் கடைசிப் பந்தியில்தான் இருத்துவார்கள். அது மரியாதைக் குறைவால் அல்ல, முதல் பந்தியில் இருத்தினால் மற்றவர்களுக்குப் போதாமல் போய்விடும் என்ற பயத்தில். விமலேஸ்வரியின் தங்கச்சிமாருக்கு நிறமும் நீளத் தலைமயிரும் வாய்த்தன. இவளுக்கு வாய்த்தது கைப்பக்குவம். பெண் பார்க்க வந்த அப்புத்துரை பெண்ணை ஒருதரம்தான் பார்த்தார், அவள் சுட்ட சுசியத்தை ஏழுதரம் பார்த்தார். கடையில் வங்கிக்குப் பங்கு உண்டு. வீட்டுக் காணியில் இரண்டு சகோதரர்களுக்கு வழக்கு உண்டு. மகள் வினோஜா நாளைக்கு எவனோ ஒருவனோடு போகப்போகிறவள். வேறு யாரும் பங்கு கேட்க முடியாமல் அவளுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்த மனுசனின் பசி. அது இப்போது காணாமல் போயிருந்தது.

குளிசை முடிந்தும் பசி வரவில்லை. விமலேஸ்வரி விடுகிறவளா? சோறு இறங்காவிட்டால் சிறுகச் சிறுகவாவது இறங்கட்டும் என்று ஒரு திட்டம் வகுத்தாள். கடையில் அவர் காசு லாச்சிக்கு முன்னால் இருக்கிற நேரமெல்லாம் ஏதாவது ஒன்று போய்க்கொண்டே இருந்தது. சீனி போட்ட பால் தேத்தண்ணி, பிஸ்கற், பற்றிஸ், கொஞ்சம் மிக்சர், பிறகு இன்னொரு தேத்தண்ணி. போதாக்குறைக்குச் சாமான் இறக்குகிற கொம்பனிக்காரப் பெடியள் வந்தால் அவர்களோடும் ஒரு சோடா உடைக்காமல் அனுப்புவது கடை வழக்கத்தில் இல்லை. காலையில் அவர் வயலுக்குத் தண்ணி பார்க்கப் போகும்போது, தன் கையால் சுருட்டிப் பொரித்த முட்டை ரோல்ஸ் ஒரு டப்பா நிறைய மோட்டார்சைக்கிளில் கொழுவி விடுவாள். டப்பா வெறுமையாகத் திரும்பி வரும். அந்த வெறும் டப்பாவைக் கழுவும்போது மட்டும் அவளுக்கு மனம் கொஞ்சம் ஆறும்.

பிறகுதான் அந்த மாற்றம் தொடங்கியது. அப்புத்துரையின் முகத்தில் எண்ணெய் தடவினது போல ஒரு வெளிச்சம். வயிற்று ஊதல் குறைந்தது. காலையில் வயலுக்கு வெளிக்கிடும்போது மெல்லச் சீட்டியடித்தார். இவ்வளவு நாளும் வயலுக்குப் போகச் சொன்னால் கால் நோகுது என்றவர், இப்போது சொல்லாமலே போனார். ஆனால் மத்தியானம் வீட்டுச் சோற்றுக்கு முன்னால் இருந்தால் பழைய கதைதான். இரண்டு வாய், ஒரு பெருமூச்சு, "காணுமப்பா, போதும்."

ஒரு நாள் அவர் குனிந்து செருப்பைக் கழற்றும்போது விமலேஸ்வரிக்கு அந்த மணம் அடித்தது. பச்சை வெங்காயம். அதோடு சேர்ந்து ஏதோ ஒரு புளிப்பு.

மற்றப் பெண்கள் புருசனின் சட்டையில் சென்ற் மணக்குதோ என்று பார்ப்பார்கள். விமலேஸ்வரிக்கு இந்த வெங்காய மணமே போதுமாக இருந்தது. அவளுடைய வீட்டில் பச்சை வெங்காயத்தைக் கடித்துத் தின்கிற பழக்கம் இல்லை. அப்படியென்றால் இந்த மனுசன் எங்கேயோ இருந்து, யாரோ போட்டதை, வாய் நிறையத் தின்றிருக்கிறார்.

விசாரிக்கத் தேவையில்லை, கடை வைத்திருப்பவளுக்குச் செய்தி தானாக நடந்து வரும். தர்மிளா என்ற வாடிக்கைக்காரி கால் கிலோ செத்தல் மிளகாய் வாங்கிக்கொண்டு, மிச்சக் காசுக்கு நிற்கும்போது சொன்னாள்.

"அக்கா, அண்ணைக்கு இப்ப சுகம் போல. கணபதியின்ர வளவுக்குள்ள நல்லாச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டிருக்கிறதக் கண்டனான்."

"எந்தக் கணபதி?"

"உங்கட வயலுக்குப் பக்கத்தில வயல் செய்யிறவர். மனுசியின்ர பேர் கமலாட்சி. நல்ல கைராசிக்காரி எண்டு கதை."

கடைசி வசனத்துக்காகத் தர்மிளாவுக்கு ஐந்து ரூபா மிச்சக் காசு குறைந்தது. அவளும் எண்ணிப் பார்க்கவில்லை.

கணபதியின் குடும்பம் மலையகத்திலிருந்து தகப்பன் காலத்தில் வந்து, வாய்க்கால் ஓரம் காடு வெட்டிக் குடியேறியது. விமலேஸ்வரியின் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதே வாய்க்கால் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். ஒரே மதகால் வருகிற தண்ணீர் என்றாலும், அந்த வீடுகளில் போய் ஒரு வாய் தேத்தண்ணி குடிப்பதற்கு அவளுடைய பக்கத்தில் ஆயிரம் யோசனை உண்டு. அந்த ஆயிரத்தையும் ஒரே எட்டில் தாண்டிவிட்டார் அப்புத்துரை.

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டியில் போனாள். மதகடியில் நிறுத்திவிட்டு, வரம்பால் நடந்து, கணபதியின் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாள். வேப்பமர நிழலில் கவிழ்த்துப் போட்ட பெட்டியொன்றின் மேல் அப்புத்துரை இருந்தார். கையில் ஒரு எனாமல் கோப்பை. கமலாட்சி மண்பானையிலிருந்து பழஞ்சோற்றைத் தண்ணீரோடு அள்ளி ஊற்றினாள். மோர், பச்சை மிளகாய், உரித்த சின்ன வெங்காயம். கமலாட்சியின் புருசன் கணபதியும் அங்கேதான் இருந்தார், முதுகைக் காட்டிக்கொண்டு, எதையோ மென்றுகொண்டு. கூடாத எதுவும் அங்கே நடக்கவில்லை. நடந்திருந்தால் விமலேஸ்வரிக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். வேலியைத் தாண்டிப் போய் மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம்.

அப்புத்துரை கோப்பையைத் தூக்கிக் கடைசித் தண்ணீரையும் குடித்தார். பிறகு கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடும் பிள்ளை."

இன்னும் கொஞ்சம். இத்தனை மாதமாக நண்டுக் குழம்பு வைத்தும், கணவாய் பொரித்தும், ஆட்டெலும்பு ரசம் காய்ச்சியும் அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அது இன்னொருத்தியின் முற்றத்தில், நேற்றைய சோற்றுக்காகச் சொல்லப்பட்டது. விமலேஸ்வரி வந்த வழியே திரும்பினாள். ஸ்கூட்டிச் சாவி கைக்குள் இருக்க, அதை மதகடியில் நின்று கனநேரம் தேடினாள்.

மத்தியானம் அவரைக் கேட்டாள்.

"காலமை ரோல்ஸ் சாப்பிட்டனீங்களோ?"

"ஓமப்பா."

"எப்பிடி இருந்தது?"

"நல்லா இருந்தது. உப்புக் கொஞ்சம் தூக்கல்."

உப்பே போடாமல் சுருட்டியிருந்தாள், சோதிப்பதற்காக.

சண்டை பிடிப்பது அவளுடைய வழி அல்ல. பக்கத்துக் கடையில் ஒரு சாமான் நல்லா ஓடினால், அதே சாமானை அதைவிட நல்ல தரத்தில் இறக்குவதுதான் அவள் பழகிய வியாபாரம். அன்றைக்கே விலை கூடின கீரிச் சம்பா எடுத்தாள். சவர்க்காரம் போட்டு மினுக்கின பானையில் வடித்தாள். கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றினாள். தூசி தும்பு படாமல் மூடி, பிரிஜ்ஜின் அடித்தட்டில் வைத்தாள். காலையில் யோகட்டும், நெய்யில் வதக்கிய வெங்காயமும் சேர்த்துப் பீங்கானில் வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

அப்புத்துரை பீங்கானைப் பார்த்தார். பெண்சாதியைப் பார்த்தார். தான் பிடிபட்டுவிட்டது அவருக்கு விளங்கியது.

"இதென்னப்பா?"

"உங்களுக்குப் பிடிச்ச சாமான்."

"ஆர் சொன்னது?"

"வேலி சொன்னது. சாப்பிடுங்கோ."

மூன்று வாய் வைத்தார். ஐஸ் குளிரில் பல் கூசியது. "நல்லாத்தான் கிடக்கு" என்றார், வாங்கிய சேலையைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்கள் பேசுகிற குரலில்.

அவர் போனபிறகு மேசையில் மீந்திருந்த பீங்கானை மகள் வினோஜா எடுத்து முகர்ந்து பார்த்தாள். அறிவியல்நகர் கம்பஸில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கிறவள். வீட்டில் எதைக் கண்டாலும் முதலில் முகர்வாள்.

"அம்மா, இதைப் பிரிஜ்ஜிலயோ வைச்சனீங்கள்?"

"பின்ன ரோட்டிலயோ வைக்கிறது?"

"குளிருக்குள்ள அதுகள் பெருகாது. வெளியில கிடந்து புளிச்சாத்தான் பழஞ்சோறு. இது குளிர்ந்த சோறு."

"எதுகள் பெருகாது?"

"பக்டீரியா. நீங்கள் வவுனியாவில காசு குடுத்து வாங்கினதுகளின்ர சொந்தக்காரர் எண்டு வையுங்கோவன்."

விமலேஸ்வரி கதிரையில் இருந்தாள். "எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு. அந்தப் பானையில அப்பிடி என்ன கிடக்கு?"

"பானையில மட்டும் இல்லையம்மா. எல்லாற்ற வயித்துக்குள்ளயும் ஒரு சந்தை கிடக்கு. கோடிக் கணக்கான சீவன்கள் இருக்குது. நாங்கள் எதைப் போடுறமோ அதைத் தின்னுறதுகள் பெருகும், மற்றதுகள் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிடும். தவிட்டுச் சோறு, கீரை, பயறு போட்டா ஒரு கூட்டம். சீனியும் கோதம்பமாவும் போட்டா வேற கூட்டம். பசிக்குது, காணும் எண்டு வயிறு மூளைக்குச் சொல்லுற சேதியிலயும் அதுகளுக்கு ஒரு பங்கு இருக்குதாம். எவ்வளவு பங்கு எண்டு இன்னும் ஒருத்தரும் வடிவாச் சொல்லேல்ல. ஆனா ஒரு கோப்பை கஞ்சியில எல்லாம் மாறாது. நாள் எடுக்கும்."

"அப்ப என்ர சாப்பாடுதான் கூடாத கூட்டத்தை வளர்த்ததோ?"

வினோஜா பீங்கானை மேசையில் வைத்தாள். "உங்கட சமையலில பிழையில்லை. ஆனா அப்பா கடையில இருக்கேக்க ஒவ்வொரு மணித்தியாலமும் தேத்தண்ணி, பிஸ்கற், பற்றிஸ். அந்த மனுசனுக்குப் பசிக்கிறதுக்கு நீங்கள் எங்க நேரம் விட்டனீங்கள்? வயலில மூண்டு மணித்தியாலம் வெயிலுக்க நடந்துபோட்டு, வெறும் வயித்தோடதான் கமலாட்சி அன்ரியிட்டப் போறார். தர்மிளா அன்ரி எனக்கும் சொன்னவ."

"என்னை என்ன, பட்டினி போடச் சொல்லுறியோ?"

"பசிக்க விடச் சொல்லுறன்."

மகள் போய்விட்டாள். விமலேஸ்வரி அந்தச் சொல்லோடு தனியாக இருந்தாள். அள்ளிப் போட அவளுக்குத் தெரியும். போடாமல் இருப்பது அவளுக்குத் தெரியாத தொழில். அந்தத் தொழிலில் கமலாட்சி கெட்டிக்காரி. அவர் வந்து கேட்கும்வரைக்கும் ஒன்றும் கொடுக்காமல் இருந்தே வென்றுவிட்டாள். இந்த நினைப்பு வெங்காய மணத்தைவிட மோசமாக எரித்தது.

இரண்டு நாள் கழித்துக் கமலாட்சியே கடைக்கு வந்தாள். வெயிலில் நடந்து வந்த முகம், இழுத்துச் செருகின சேலை. வென்றவள் தோற்றவளின் கடையைப் பார்க்க வந்திருக்கிறாள் என்றுதான் விமலேஸ்வரி நினைத்தாள். நல்லவேளை, அப்புத்துரை வங்கிக்குப் போயிருந்தார்.

கமலாட்சி பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். விமலேஸ்வரியின் ரோல்ஸ் டப்பா.

"ஐயா இன்னிக்கு மறந்து வெச்சிட்டுப் போயிட்டாருங்க, அக்கா."

"கொண்டந்து தந்ததுக்கு நன்றி." நன்றி என்ற சொல்லை அவ்வளவு குளிராகச் சொல்ல முடியும் என்று விமலேஸ்வரிக்கே அதுவரை தெரியாது.

கமலாட்சி போகவில்லை. "ஒரு விசயம் சொல்லணும். இதை நீங்க நிப்பாட்டிருங்க."

"எதை?"

"இந்த ரோல்ஸை. ஐயா டெய்லி கொண்டாந்து எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்துட்டு, அவரு கஞ்சி குடிக்கிறாரு. எங்க மனுசன் இப்பக் கஞ்சின்னா மூஞ்சியைத் திருப்புறாரு. பத்து மணியானா ரோட்டையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. மத்தியானம் நான் ஆக்குன சோத்தை வெச்சா, 'கடைக்கார அக்கா கைப்பக்குவம் வருமா'ன்னு கேக்குறாரு. பதினெட்டு வருசமா நான் ஆக்கிப் போட்டிருக்கேன். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அவள் குரல் கடைசியில் கொஞ்சம் உடைந்தது. விமலேஸ்வரிக்குள் இரண்டு விசயம் ஒரே நேரத்தில் நடந்தது. முதலாவது, தன் கைச் சாப்பாட்டுக்காக ஒரு ஆம்பிளை ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்ற இனிப்பு. அது வெட்கம் கெட்ட இனிப்பு, இருந்தாலும் இனித்தது. இரண்டாவது, முன்னால் நிற்கிறவளின் கண்ணில் இருக்கிற பொறாமை தன் கடையிலும் அதே தரத்தில் கிடக்கிற சரக்குத்தான் என்ற தெளிவு.

"இரும்" என்று வாங்குப் பலகையைக் காட்டினாள். கமலாட்சி இருந்தாள். இனி வியாபாரம்.

"நான் ரோல்ஸை நிப்பாட்டினா நீர் கஞ்சியை நிப்பாட்டுவீரோ?"

"நிப்பாட்டிடலாங்க. எனக்கும் ஒரு கோப்பை மிச்சம். ஆனா ஐயா வந்த புதுசுல எப்பிடி வயித்தைப் புடிச்சுக்கிட்டு வந்தாரு. இப்பத்தான் மனுசனா நடக்குறாரு. நீங்க சொன்னா நிப்பாட்டிடுறேன்."

பந்து தன் பக்கம் வந்து விழுந்ததை விமலேஸ்வரி கண்டாள். ஒரு சொல் போதும், கஞ்சி நின்றுவிடும். அந்தப் பசியும் சில வேளை நின்றுவிடும். தனக்கு இல்லாத சொத்து ஒருவருக்கும் இல்லாமல் போவது ஒரு வகைக் கணக்கு. கடைத்தெருவில் அப்படிச் செய்து அழிந்தவர்களை அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு எழுந்து போய், தராசுத் தட்டைத் துடைத்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"காலமைக் கஞ்சி நீர் குடும். ஆனா அதோட சரி. ஒரு வாழைப்பழமும் குடுக்கக் கூடாது. மத்தியானமும் இரவும் என்ர."

"சரிங்க."

"வெங்காயம் ரெண்டுக்கு மேல வைக்கக் கூடாது."

"அவரு அஞ்சு திங்கிறாருங்க."

"மூண்டு."

"சரி, மூணு. பதிலுக்கு டப்பா வரக் கூடாது."

"வராது."

கமலாட்சி எழுந்தாள். வாசல்வரை போய் நின்றாள். "ஞாயித்துக்கெழம மட்டும் ரெண்டு அனுப்புங்க. ஒண்ணு எனக்கு. அந்த மனுசன் எனக்கும் புள்ளைக்கும் ஒண்ணுகூட மிச்சம் வெச்சதில்ல."

விமலேஸ்வரி சிரிக்கவில்லை, சிரிப்பு வந்தது உண்மை. "மூண்டா அனுப்புறன். உம்மட பிள்ளைக்கும் ஒண்டு" என்றாள்.

அன்றிலிருந்து கடையில் தேத்தண்ணி நின்றது. பிஸ்கற் ரின் மேல்தட்டுக்கு ஏறியது. கொம்பனிப் பெடியளுக்குத் தண்ணீரே வந்தது; சோடாவின் விலை கூடிவிட்டதோ என்று அவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள். அப்புத்துரை முதல் கிழமை லாச்சியைத் திறந்து திறந்து மூடினார்.

"இஞ்சேரும், வாய் சும்மா கிடக்குதப்பா."

"கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அவர் வெறுங்கையோடு இருப்பதைப் பார்க்க அவளுக்குக் கை குறுகுறுக்கும், ஒரு பற்றிஸையாவது எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று. ஒவ்வொரு காலையும் மோட்டார்சைக்கிள் டப்பா இல்லாமல் வயல் பக்கம் திரும்பும்போது, இந்நேரம் எனாமல் கோப்பை நீண்டிருக்கும், இந்நேரம் இரண்டாவது தரம் நீண்டிருக்கும் என்று அவளுக்குள் ஒரு படம் ஓடும். அதை நிறுத்த ஒரு டொக்டரிடமும் குளிசை இல்லை.

காலபோக நெல் வெட்டுத் தொடங்கின காலத்தில் ஒரு பின்னேரம், அவள் அடுப்பில் குரக்கன் புட்டு அவித்து, முருங்கையிலை வறுத்து, இரணைமடுக் குளத்து விராலைக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தாள். வயலிலிருந்து வந்த அப்புத்துரை கூப்பிடாமல் குசினிக்குள் வந்தார். சட்டி மூடியைத் தானே தூக்கிப் பார்த்தார். கோப்பையைத் தானே எடுத்தார். நின்ற நிலையில் தொடங்கி, பிறகு பலகையை இழுத்துப் போட்டு இருந்து சாப்பிட்டார். முள்ளைப் புறங்கையால் தள்ளித் தள்ளிச் சாப்பிட்டார். குழம்பு முடிந்ததும் கோப்பையை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்."

விமலேஸ்வரி அகப்பையைப் பிடித்த கையை ஒருதரம் சேலையில் துடைத்தாள். கண்ணைத் துடைத்தால் அவருக்குத் தெரிந்துவிடும். அள்ளி வைத்தாள்.

அப்புத்துரை ஒரு பெரிய ஏப்பம் விட்டுவிட்டு, தன் வாழ்நாளில் பெண்சாதிக்குச் சொல்லக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி என்று நினைத்துச் சொன்னார்.

"காலமைக் கஞ்சிக்குப் பிறகு இதுதானப்பா ருசி."

விமலேஸ்வரி அடுப்பைத் தணித்துவிட்டு, சட்டியில் மிஞ்சியதை வழித்துக்கொண்டே மனதுக்குள் கூட்டிக் கழித்தாள். காலைப் பசி கமலாட்சியின் பேரில். இரவுப் பசி தன் பேரில். மத்தியானத்தில் பாதிதான் இதுவரை வந்து சேர்ந்திருக்கிறது. மிச்சப் பாதி நிலுவை.